பல்லக்குக்கு லைன் க்ளியர்

1. மூணு அடுக்கு

"எவன்டா அவன், கரண்ட்டப் புடுங்குனவன்?"

பொன்னேரி பஜார் தெருவில், ஒரு பிணத்துக்கு முன்னால், கையில் மூங்கில் கொம்போடு நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பேண்டு முழங்குகிறது, வெடி வெடிக்கிறது. அத்தனையையும் தாண்டி இந்தக் குரல் வந்து காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள், கையில் டார்ச் லைட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். நேராக என்னிடம்தான்!

எழுபதுகளின் தொடக்கம் அது. கரண்ட் ஆபீசில் ஒயர்மேனாகச் சேர்ந்து, பொன்னேரி செக்‌ஷனுக்கு நான் வந்த புதிது. அந்த மார்கழியை மறக்கவே முடியாது. ஊரின் பெரிய மனிதர்கள் ஒரே மாதத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். "சொர்க்க வாசல் தொறக்கற மாசமாச்சே, எல்லாரும் கியூவுல நிக்கறாங்கப்பா" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் எந்தக் கியூவில் நின்றார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் கொம்பு பிடித்து நடந்தவன் நான்தான்.

சாவு ஊர்வலத்தில் கரண்ட் ஆபீஸ்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரிய மனிதர் செத்தால் பூப்பல்லக்கு. மூங்கிலில் சாரம் கட்டி, அடுக்கடுக்காகப் பூவைச் சுற்றி, வண்டிமேல் ஏற்றி இழுத்துப் போவார்கள். எத்தனை அடுக்கோ அத்தனை கௌரவம். பஜார் தெருவோ குறுகல். லைன் கம்பி தொய்ந்து கிடக்கும். வீடுகளுக்கு இழுத்த சர்வீஸ் ஒயர் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கும். ஈரப் பூவும் மூங்கிலும் ஒயரில் தட்டினால், செத்தவரோடு தூக்குகிறவர்களும் சேர்ந்து போக வேண்டியதுதான். அதனால் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்டுவிட்டு, ஒரு ஆள் முன்னால் போய்க் கவட்டைக் கொம்பால் ஒயரைத் தூக்கிப் பிடிப்பான். லைனை இப்படிச் செத்த லைனாக்கி ஒப்படைப்பதற்கு எங்கள் பாஷையில் லைன் க்ளியர் என்று பெயர்.

முதலில் போனவர் அரிசி மில் முதலாளி. மூன்று அடுக்குப் பல்லக்கு. பொழுது சாய்ந்த நேரம். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஜம்மென்று நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வெள்ளைச் சேலை.

"செத்தவருக்கு வழி உட்டுட்டு, பொறக்கறத இருட்டுல நிறுத்திட்டியேடா! டார்ச்ச வாயில கடிச்சிக்கினு புள்ளய எடுத்துட்டு வரேன். பல்லெல்லாம் ஆடுது எனக்கு!"

பஜாருக்குப் பின்சந்தில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியின் மருத்துவச்சி ரூபியம்மா அவர். ஆஸ்பத்திரிக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர்தான் சப்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார்.

"நீ நம்ம காலனி அந்தோணி புள்ள தாஸு தானே? உன்னையும் இந்தக் கையாலதான்டா எடுத்தேன். அப்பவே தலைய உட்டுட்டுக் கால முன்னால நீட்டுன பய நீ. இன்னும் திருந்தலியா?"

பேண்டு வாசிக்கிறவன் உட்பட அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சாவு ஊர்வலத்தில்! எங்கள் போர்மேன் ராமுலு, ஆந்திரா பார்டர்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஆபீசுக்கு வந்து சட்டமே போட்டுவிட்டார்.

"இனிமே லைன கட் பண்றதுக்கு முன்னாடி அந்தம்மா கிட்ட போய்க் கேளு நைனா. உள்ள யாருக்காவது வலி கீதான்னு. அவங்க சரின்னு சொன்னாதான் நாம ஃபியூஸத் தொடணும்."

2. அஞ்சு அடுக்கு

அடுத்து போனவர் பெரிய டாக்டர். மில் முதலாளிக்கு மூன்று அடுக்கு என்றால் டாக்டருக்கு நான்கு இல்லாமல் எப்படி? பல்லக்குக் கட்டுகிற கன்னியப்பனுக்கு ராப்பகலாக வேலை. ரூபியம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஒருத்தியும் இல்ல, போ. அவர சீக்கிரம் அனுப்பிட்டுக் கரண்ட்டக் குடு. வெந்நி போடணும்."

இதற்குள் பஜாருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் பல்பு பட்டென்று அணைந்தால், பெரிய மனிதர் யாரோ போகிறார் என்று அர்த்தம். கடைக்காரர்கள் பெட்ரோமாக்ஸை ஏற்றிவிட்டு, கதவைப் பாதி சாத்தி, தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். வீடுகளில் பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவார்கள். பச்சைப் பிள்ளை மேல் பிணக் காற்று படக்கூடாதாம்.

மூன்றாவதாகப் போனவர் முன்னாள் சேர்மன். அடேயப்பா! ஐந்து அடுக்கு, உச்சியில் பித்தளைக் கலசம், இரண்டு பேண்டு செட். தேரடி முனையில் பல்லக்கு தயாராக நிற்கிறது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரூபியம்மா கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார்.

"தட்டுவண்டிக்காரர் சம்சாரம். தலச்சன். இப்ப தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

தேரடிக்குத் திரும்பி ஓடி விஷயத்தைச் சொன்னேன். ஊர்வல ஏற்பாடெல்லாம் செத்துப்போன மில் முதலாளியின் மகன் கையில். சின்ன முதலாளி என்போம். அவருக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது.

"இன்னாய்யா விளையாட்றீங்களா? ஒரு பொம்பள உத்தரவு குடுத்தாதான் சேர்மன் போவணுமா?"

போர்மேன் அசரவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "சேர்மனுக்கு இனிமே எந்த மீட்டிங்கும் இல்ல நைனா. இருப்பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் பாருங்கள், கூட்டத்தின் மனசே மாறிவிட்டது. சேர்மனை மறந்துவிட்டார்கள்! "பொறந்துச்சா? பொறந்துச்சா?" என்று அவனவன் சந்துப் பக்கமே பார்க்கிறான். பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். ஒரு வழியாக ரூபியம்மா சந்து முனையில் வந்து நின்று கையை ஆட்டினார்.

"ஆம்பளப் புள்ள! அனுப்பு உங்க சேர்மன!"

ஒரு கத்தல் கத்தினார்கள் பாருங்கள்! பத்து வாலா, நூறு வாலா எல்லாம் ஒன்றாகக் கொளுத்தினார்கள். அது சாவுக்கு வெடித்ததா, பிறப்புக்கு வெடித்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். சேர்மன் ஜோராகப் போய்ச் சேர்ந்தார்.

3. ரூபியம்மா

நான்காவது சாவை யாரும் எதிர்பார்க்கவில்லை. மார்கழிப் பனியில் ரூபியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. "இது ஒரு சளியா?" என்று டியூட்டி பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸிலேயே போய்விட்டார். கேட்டதும் நான் போஸ்ட்டுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், அவருடைய தம்பி யாக்கோபு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்கள் காலனிக்காரர், கழனி வேலை செய்கிறவர்.

"எந்த வழியா மாமா எடுத்துக்கினு போறீங்க?" என்றேன்.

"இதென்னப்பா கேள்வி? நம்மாளுங்க போற வழிதான். ஏரிக்கரை மேல சுத்திக்கினு போவ வேண்டியதுதான்."

கல்லறைத் தோட்டம் பஜார் தெருவின் மறுகோடியில், ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. நேராகப் போனால் கூப்பிடு தூரம். ஆனால் எங்கள் காலனிப் பிணம் எதுவும் பஜார் தெருவில் போனதில்லை. சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகும். அந்தத் தெருவில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்துவிட்ட கை அந்தக் கை. அவரைப் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போவதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த அம்மாள் பஜார் தெருவில்தான் போக வேண்டும். வேறு எதுவும் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

நேராகச் சின்ன முதலாளியிடம் போனேன். அவர் நல்ல வார்த்தைதான் சொன்னார். அதுதான் பேஜாரு.

"தாஸு, எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. ரூபியம்மா யாரு, நம்ம வீட்டு மனுஷி மாரி. ஆனா ஒயர் தாழ்வா கீது பாரு. ஏதாவது ஆயிப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

வருஷக்கணக்காக எங்கள் ஆட்களுக்கு இதே பதில். ஒயர் தாழ்வாக இருக்கிறது. பெட்டி வண்டி என் தோள் உயரம்கூட வராது!

"அஞ்சு அடுக்கே போச்சேங்க மொதலாளி?"

"அதுக்கு லைன் க்ளியர் குடுத்தீங்க. இதுக்கு எவன் குடுப்பான்?"

சைக்கிளை மிதித்த மிதியில் ஆபீஸ் வாசலில் செயின் கழன்றுவிட்டது. போர்மேனிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் நாஷ்டாவை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"லைன் க்ளியர் நான் குடுக்கறேன். ஆனா மேல கேட்டா காரணம் சொல்லணும். தோள் உசர வண்டிக்கு எதுக்குய்யா லைன கட் பண்ணேன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்? ஒயர்ல தட்டற உசரத்துக்கு இன்னாவாவது கொண்டா நைனா. கண்ண மூடிக்கினு குடுக்கறேன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாவு வீட்டு நாளில் சந்தோஷமா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் இருந்தது. கன்னியப்பன் கொட்டகைக்குப் பறந்தேன். நான் சொல்லி முடிக்கவே விடவில்லை அவர்.

"என் மூணு புள்ளயும் அவங்க எடுத்ததுதான். தாஸு, ஆறு அடுக்குப் போடறேன். எவன் இன்னா கேக்கறான்னு பாத்துடறேன்."

மார்கழியில் பூ ஏது? சாமந்தி கொஞ்சம், அரளி கொஞ்சம், மீதிக்குத் தென்னங்குருத்தும் மாவிலையும். காலனிப் பெண்கள் அன்றைக்குக் கழனிக்கே போகவில்லை, உட்கார்ந்து கட்டினார்கள். பொழுது சாயும்போது, ஆஸ்பத்திரிச் சந்துக்குள், ஆறு அடுக்குப் பல்லக்கு நின்றது. யாக்கோபு அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க அக்காவுக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கொம்பை எடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி நடந்தேன். கால் தானாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஒரு மாதப் பழக்கம்! உள்ளே எட்டி, "கட் பண்ணலாமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், பதில் சொல்ல அவர் இல்லை என்பது உறைத்தது.

புதிதாக வந்திருந்த சின்ன நர்ஸ் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உள்ள ஒருத்திக்கு வலி கண்டுகிச்சுங்க. ரூபியம்மா இருந்தா இன்னா சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கையை ஒடித்துவிடுவார்.

திரும்பி வந்து சொன்னேன். மேளம் நின்றது, பாட்டு நின்றது. காலனி முழுக்கச் சந்துக்குள் கப்சிப் என்று நிற்கிறது. நேரம் போகிறது, இருட்டுகிறது. பஜாரில் விளக்கு எரிகிறது; மேளச் சத்தம் கேட்காததால், நாங்கள் ஏரிக்கரை வழியாகப் போய்விட்டோம் என்று அங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாக்கோபு என் கையைப் பிடித்தார்.

"வாணாம் தாஸு. தெரிஞ்சிக்கினாங்கன்னா தகராறு பண்ணுவாங்க. முழுசா இருட்டறதுக்குள்ள கரை மேலயே போய்டலாம்பா. அக்கா ஒண்ணும் நெனச்சிக்காது."

"மாமா, சேர்மனே நின்னாரு. ரூபியம்மா நிக்காதா?"

சொல்லிவிட்டேனே தவிர, என் கண் பஜார் பக்கமே இருந்தது. சந்து முனையில் ஒரு தலை தெரிந்தாலும் போச்சு. போர்மேன் வெற்றிலையைக்கூட மெல்லவில்லை. அப்படியே அசையாமல் நிற்கிறார். ஜன்னல் வழியாக அந்தப் பெண் முனகுகிற சத்தம், நர்ஸ் அதட்டுகிற சத்தம். இத்தனை நாளும் ரூபியம்மா அதட்டிய மாதிரியே அதட்டினாள். "இன்னும் கொஞ்சம்டி, இன்னும் கொஞ்சம்!"

வீல் என்று ஒரு அழுகை.

சந்தே ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. நர்ஸ் ஜன்னலில் வந்து, "பொட்டப் புள்ள! எடுங்க!" என்றாள்.

நான் பறந்துபோய் மூன்று ஃபியூஸையும் பிடுங்கினேன். எர்த் போட்டேன். பொன்னேரி பஜார் ஒரே நொடியில் இருண்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை! விளக்கு அணைந்ததும், பழக்க தோஷம், கடைக்காரர்கள் பரபரவென்று பெட்ரோமாக்ஸை ஏற்றினார்கள். கதவைப் பாதி சாத்தினார்கள். துண்டு தோளைவிட்டு இறங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "இப்ப யாருய்யா? யாருய்யா பெரிய மனுஷன்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, சந்திலிருந்து பல்லக்கு தெருவுக்குள் திரும்பியது. ஆறு அடுக்கு! முன்னால் கொம்போடு நான். மேளம் ஒன்றாக எழும்பியது, தெருவே அதிர்ந்தது.

அது யாருடைய பல்லக்கு என்று தெரு கண்டுகொண்டது. நான் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். எங்கிருந்தாவது "நிறுத்து" என்று ஒரு குரல் வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒரு கதவு திறந்தது. தட்டுவண்டிக்காரரின் பெண்டாட்டி. சேர்மனைக் காக்க வைத்துப் பிறந்த அந்தப் பயலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தீட்டு கழியாத பச்சை உடம்புக்காரி, பச்சைப் பிள்ளையோடு, பிணத்துக்கு எதிரில்! அவள் மாமியார் உள்ளேயிருந்து கத்துவது கேட்டது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையை உயரத் தூக்கினாள்.

"பாருடா. உன்ன எடுத்த அம்மா போறாங்க, பாரு."

அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்த கதவு. பிணம் போனால் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுகிற தெரு, அன்றைக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் அரிக்கேன் விளக்கு. எனக்குக் கண்ணை மறைத்தது. ஒயர் எது, கொம்பு எது என்றே தெரியவில்லை.

மில் வாசலுக்கு வந்தோம். சின்ன முதலாளி எழுந்து நின்றுகொண்டிருந்தார். துண்டு கையில் இருந்தது. விளக்கு அணைந்ததுமே அவரும் நின்றிருக்கிறார். இப்போது யார் என்று தெரிந்துவிட்டது. ஊரே பார்க்க மறுபடி உட்காரவும் முடியாது. என்னைப் பார்த்தார், பல்லக்கைப் பார்த்தார், தொங்குகிற ஒயரைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். பேச வேண்டியதை எல்லாம் ஆறு அடுக்கு பேசிவிட்டது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, எர்த்தை எடுத்துவிட்டு லைனைச் சார்ஜ் பண்ணினேன். விளக்கு வந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் அந்தப் பொட்டப் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. நல்ல தொண்டை!

4. ஒயர்

பொங்கல் கழிந்த கையோடு போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"பஜார் லைன இழுத்துக் கட்டணும் நைனா. தொய்வு ஜாஸ்தியா கீது. இனிமே எவனும் ஒயரக் காட்டிப் பேசக்கூடாது."

கம்பியின் தொய்வை எடுத்து இறுக்கினோம். சர்வீஸ் ஒயர்களை உயரமாக மாற்றிக் கட்டினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு போஸ்ட்டிலும் ஏறி நான்தான் இழுத்தேன். இன்னொருவன் ஏறுவதற்கு நான் விடவில்லை.

அதற்கப்புறம் நான் எத்தனையோ இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் முளைத்த காலத்தில் பெரிய பெரிய ஃபீடர் லைன்களைக் கட் பண்ணியிருக்கிறேன். எங்கே போனாலும் ஃபியூஸில் கை வைக்கும் முன், அந்தக் கம்பியின் மறுமுனையில் இந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுவேன். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர், டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

தை கடைசியில் எங்கள் காலனியில் ஒருவர் தவறிப்போனார். பெரிய மனிதரெல்லாம் இல்லை, மாட்டுவண்டி ஓட்டினவர். பல்லக்கு இல்லை, வெறும் பெட்டி வண்டி. யாக்கோபு மாமாதான் முன்னால் பிடித்துத் தள்ளினார். ஏரிக்கரைப் பக்கம் திரும்புகிற முனையில் வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு நேராகப் பஜார் தெருவுக்குள் போயிற்று. யாரும் தடுக்கவில்லை. கரண்ட்டை வெட்டவில்லை, விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கொம்பு ஆபீசிலேயே கிடந்தது. நான் கையை வீசிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தேன்.